நாவல்பழம்: வாங்குவதிலும் வைப்பதிலும் இருக்கு சூட்சுமம்!

என்னிடம் வைத்தியத்துக்கு வரும் ஜூஸ் கடைக்காரர், போன ஆனி மாசம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். விடிகாலையில் வாங்கிய ஒரு கூடை நாவல்பழம் மறுநாளே கள் வாடை அடித்ததாம். "நல்லா கழுவித்தானே ஐயா வெச்சேன்?" என்றார். அதுதான் தப்பே!

நாவல்பழத்துக்குத் தோல் மெல்லிசு. ஈரத்தோடு குவித்து வைத்தால் அடியில் இருப்பது நசுங்கி, புளித்து, மற்றதையும் கெடுத்துவிடும். நசுங்கினதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, கழுவாமல், அகலத் தட்டில் ஒரே அடுக்காகப் பரப்பி ஃபிரிட்ஜில் வையுங்கள். மூணு, நாலு நாள் தாங்கும். கழுவுவது சாறு எடுக்கும் நேரத்தில்தான். இரும்புப் பாத்திரம் மட்டும் வேண்டாம். பழத்தின் துவர்ப்பு இரும்போடு சேர்ந்து கறுத்துப் போகும்.

வாங்கும்போது காம்போரம்கூட சிவப்பில்லாமல் கருகருவென்று இருக்கணும். செங்காயை வாங்கிப் பழுக்க வைக்க முடியாது. துணி விரித்து உலுக்கியதா, மண்ணில் பொறுக்கியதா என்றும் கேளுங்கள். (ஔவைப் பாட்டி ஊதித் தின்றாள் என்பது கதைக்குச் சரி!) உப்பு தூவிய பழம் தண்ணீர் விட்டுக்கொள்ளும், தங்காது.

அந்தக் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் சர்க்கரைக்காரர்கள். "சீனி போடாமல் கொடுங்கள், மாத்திரையை நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள்" என்று அவரிடம் கண்டித்துச் சொல்லி அனுப்பினேன்.