சிம்மில் அணையும் அடுப்பு: கூட்டி வைத்தால் தீராது

"சிம்மில் வைத்தால் அணைஞ்சுடுது, அதனால கொஞ்சம் கூட்டியே வெச்சுக்கிறோம்." ஒரத்தநாடு, பாபநாசம், திருவையாறு என்று எந்த ஊர்ச் சமையலறையில் கேட்டாலும் இதே பதில்தான் வருகிறது. மாதக்கணக்கில் இப்படியே ஓட்டுகிறார்கள். சாதாரண இரண்டு பர்னர் அடுப்பில் தீ அணைந்தாலும் கேஸ் நிற்காது. திருகை மூடும்வரை வந்துகொண்டே இருக்கும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து மூலையில் தேங்கும்.

காரணம் பெரும்பாலும் சின்னதுதான். சோறு வடிக்கும் வீடுகளில் கஞ்சி பொங்கி பர்னர் ஓட்டைகளில் இறங்கிக் காய்ந்திருக்கும். ஆடிக் காற்று சன்னல் வழியாக நேரே அடுப்பில் அடிக்கும். டியூப் எங்காவது மடங்கியிருக்கும். பர்னரை ஆறவிட்டுக் கழற்றி, சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாகக் காய்ந்தபின் மாட்டுங்கள். உங்கள் வேலை அவ்வளவுதான். அதன்பிறகும் அணைந்தால் மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். ஊசியை விட்டு ஜெட்டைக் குத்தாதீர்கள். துளை பெரிதானால் கேஸ் அளவுக்கு மீறி வரும். தீ மஞ்சளாகும், பாத்திரம் கரி பிடிக்கும்.

சில புது அடுப்புகளிலும் கீசர்களிலும் தீ அணைந்தால் கேஸைத் தானாக நிறுத்தும் உணர்முள் ஒன்று பர்னர் ஓரத்தில் இருக்கும். அது சூடேறும்வரை, சில விநாடிகள், திருகை அழுத்திப் பிடிக்க வேண்டும். முள்ளில் கரி படிந்தாலோ நகர்ந்துவிட்டாலோ கையை எடுத்ததும் தீ போய்விடும். "தொல்லை" என்று அதைக் கழற்றிவிடச் சொல்கிறவர்களும், கழற்றிக் கொடுக்கும் மெக்கானிக்குகளும் இருக்கிறார்கள். உயிர் காக்க வைத்ததைக் கழற்றச் சொல்லாதீர்கள்.

கேஸ் வாடை வந்தால் ஸ்விட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னலைத் திறந்து, வெளியே வந்து 1906-க்குப் பேசுங்கள். 24 மணி நேரமும் இயங்கும் எண் அது. கசிவைத் தீக்குச்சி கிழித்துப் பார்க்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. சோப்பு நுரை தடவினால் போதும், கசியும் இடத்தில் குமிழி வரும்.

இனி காகிதம். சிலிண்டர் கொண்டுவருபவரிடம் வாயால் சொன்னது புகார் ஆகாது. ஏஜென்சியில் எழுதிக் கொடுங்கள், புகார் எண் வாங்குங்கள், பழுது பார்த்ததற்கு ரசீது கேளுங்கள். 5 ஆண்டுக்கு ஒருமுறை நடக்க வேண்டிய பாதுகாப்புச் சோதனையில், அடுப்பைப் பார்க்காமலே தாளில் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். டியூப், ரெகுலேட்டர், அடுப்பு மூன்றும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளவையாக இருக்கட்டும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் டியூப் வேண்டாம்.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், எண்ணெய் நிறுவனங்கள் எடுத்திருக்கும் காப்பீட்டில் விபத்தில் உயிரிழந்தவருக்கு 6 லட்சம் ரூபாய், சிகிச்சைக்கு ஒருவருக்கு 2 லட்சம் வரை, வீட்டுச் சேதத்துக்கு 2 லட்சம் வரை உண்டு. இதற்கு நீங்கள் தனியாகப் பிரீமியம் கட்டுவதில்லை. விபத்து நடந்த உடனே ஏஜென்சிக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். எஃப்ஐஆர், மருத்துவமனைப் பில்கள், இறப்பு நேர்ந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை, இறப்புச் சான்றிதழ் ஆகியவற்றைச் சேர்த்துவையுங்கள். வீட்டுச் சேதத்துக்கான தொகை, இணைப்பு பதிவாகியுள்ள முகவரிக்கு மட்டும்தான். இங்கேதான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள்: கணவர் இறந்து வருடங்கள் ஆன பின்பும் அவர் பெயரிலேயே கேஸ் புக், பழைய வீட்டு முகவரியிலேயே இணைப்பு. இறப்புச் சான்றிதழ், வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், முதலில் டெபாசிட் கட்டியபோது தந்த வவுச்சர், உங்கள் அடையாள அட்டை ஆகியவற்றோடு ஏஜென்சிக்குப் போய்ப் பெயரையும் முகவரியையும் மாற்றுங்கள். இந்த மாதமே மாற்றுங்கள்.

ஏஜென்சி இழுத்தடித்தால் தஞ்சாவூர் ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட வழங்கல் அலுவலரிடம் மனு கொடுக்கலாம். 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும் உண்டு. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2 ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். பொருளுக்கோ சேவைக்கோ கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது. எங்கே மனு கொடுத்தாலும், நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள்.