உங்களுக்குத் தெரியுமா? – எந்த நாய் நம் வீட்டு நாய்?

"அல்சேஷன்தான் வேண்டும்", "பூடில் போதும்", "பிள்ளைகள் ஹஸ்கி கேட்கிறார்கள்." கிள்ளான் பள்ளத்தாக்கில் நாய் வளர்க்க நினைக்கும் குடும்பங்களில் பேச்சு இப்படித்தான் இனத்தில் தொடங்குகிறது. வாசலில் எவ்வளவு இடம், பிற்பகல் வெயில் எங்கே விழுகிறது, பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள், பகலில் வீட்டில் ஆள் உண்டா என்பதெல்லாம் நாய் வந்து சேர்ந்த பிறகே பேசப்படுகின்றன. அந்த வரிசையை மாற்றிப் போட வேண்டும் என்பதற்காகவே இந்தத் துணுக்குகள்.

● இனத்தைப் பார்த்துக் குணத்தைச் சொல்லிவிட முடியாது. 2022-இல் 'சயின்ஸ்' இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 18,000-க்கும் மேற்பட்ட நாய்களின் நடத்தையைப் பற்றி அவற்றை வளர்ப்பவர்களிடம் கேட்டது. அவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் மரபணுவையும் அலசியது. ஒரு நாய்க்கும் இன்னொரு நாய்க்கும் இடையில் காணும் குண வேறுபாட்டில் சுமார் 9 சதவீதத்தை மட்டுமே இனத்தை வைத்து விளக்க முடிந்தது. சொன்னதைக் கேட்கும் பழக்கத்தில் இனத்தின் பங்கு சற்றுக் கூடுதல். எரிச்சலூட்டினால் எவ்வளவு சீக்கிரம் சீறும் என்பதிலோ இனம் ஏறக்குறைய ஒன்றுமே சொல்லவில்லை. ராட்வீலர் என்றாலே கடிக்கும், லாப்ரடோர் கடிக்கவே கடிக்காது என்ற நம்பிக்கையில் சின்னப் பிள்ளையை நாயோடு தனியாக விட்டுவிடாதீர்கள். நாய் பெரிதானால் கடிபட்ட காயமும் பெரிது என்பது மட்டும் உறுதி.

● நம் விருப்பம் நம்முடையதுதானா? ஒரு படத்தில் நாய் நடித்தால், அந்த இனத்தின் மவுசு சில படங்களைப் பொறுத்தவரை பத்து ஆண்டுகள் வரை நீடிக்கிறது என்று 2014-இல் 'பிளாஸ் ஒன்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடரில் வரும் ஓநாய்களைப் பார்த்துவிட்டுப் பலர் ஹஸ்கி வாங்கினார்கள். பிறகு வளர்க்க முடியாமல் கைவிட்டார்கள். அதே தொடரின் நடிகர் பீட்டர் டிங்க்லேஜ் 2017-இல், ஹஸ்கி வாங்குவதற்கு முன் யோசியுங்கள் என்று ரசிகர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

● அந்த ஹஸ்கி சைபீரியாவின் பனியில் வண்டி இழுத்த நாய். வெளியே நீண்ட முடி, உள்ளே பஞ்சு போல அடர்ந்த முடி என இரண்டு அடுக்குப் போர்வை அதன் உடம்பில் இருக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. பாதத்தில் மட்டும் கொஞ்சம் வேர்க்கும். மற்றபடி நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் அந்த இரைப்பும் சரியாக வேலை செய்யாது. கிள்ளானில் பகல் 33 டிகிரி. காற்றோ எப்போதும் பிசுபிசுப்பு.

எங்கள் தாமானில் ஒரு ஹஸ்கி இருக்கிறது. காலை பத்து மணிக்கெல்லாம் கார் நிறுத்தும் இடத்தை விட்டு வீட்டுக்குள் வந்துவிடும். கூடத்து மார்பிள் தரையில் நான்கு காலையும் பரப்பி, வயிறு முழுக்கத் தரையில் ஒட்டும்படி கிடக்கும். அந்த இடம் சூடானதும் எழுந்து இரண்டடி தள்ளிப் படுக்கும். மாலைக்குள் கூடத்தையே ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். வளர்ப்பவர்கள் நல்லவர்கள், அதற்காகவே பகலெல்லாம் ஏர்கோண்டை ஓடவிடுகிறார்கள். மின்கட்டணத்துக்கு அஞ்சுபவர்கள் இந்த இனத்தை விட்டுவிடுவது நாய்க்குச் செய்யும் உதவி. சூடு தணியட்டும் என்று முடியை ஒட்டச் சிரைத்துவிடவும் கூடாது. வெயிலிலிருந்து தோலைக் காப்பதும் அந்த முடிதான்.

● 31 ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்த லாப்ரடோரை, 2022-இன் பதிவுக் கணக்கில் பிரெஞ்ச் புல்டாக் பின்னுக்குத் தள்ளியது. தட்டை மூக்கும் உருண்டைக் கண்ணும் பார்க்கக் குழந்தை மாதிரி இருப்பதால் மனம் இளகிவிடுகிறது. அந்த மூக்குதான் அதற்குப் பெரும் பாடு. மூச்சுக்குழல் குறுகியிருப்பதால் வெயிலில் சிறிது தூரம் நடந்தாலே திணறும். பல விமான நிறுவனங்கள் இத்தகைய நாய்களைச் சரக்குப் பகுதியில் ஏற்ற மறுக்கின்றன. பக், ஷிட்சூ ஆகியவற்றுக்கும் இதே கதை. தூங்கும்போது விடும் குறட்டை அழகல்ல, மூச்சுக்கான போராட்டம்.

● சில இனங்களை மலேசியாவுக்குள் கொண்டுவரவே முடியாது. பிட்புல் வகைகள், அகிதா, ஜப்பானிய தோசா, நியாபோலிடன் மாஸ்டிஃப், டோகோ அர்ஜென்டினோ, ஃபிலா பிரசிலெய்ரோ, அமெரிக்கன் புல்டாக் ஆகியவற்றை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. ராட்வீலர், டாபர்மேன், அல்சேஷன், புல் டெரியர், புல் மாஸ்டிஃப் ஆகியவை கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ளவை. "பேப்பர் எல்லாம் அப்புறம் தருகிறேன்" என்று சொல்லும் விற்பனையாளரிடம் முன்பணம் கொடுக்காதீர்கள்.

● அடுக்குமாடியில் குடியிருக்கிறீர்களா? 2015-ஆம் ஆண்டின் ஸ்ட்ராத்தா பராமரிப்பு விதிமுறைகளின்படி, மற்ற குடியிருப்பாளர்களுக்குத் தொல்லையோ ஆபத்தோ தரக்கூடிய பிராணியை வளர்க்கக் கூடாது. மீறினால், நிர்வாகத்தின் கடிதம் கிடைத்த மூன்று நாளுக்குள் அதை வெளியேற்ற வேண்டும். மூன்று நாளில் ஒரு நாய்க்குப் புது வீடு தேடுவது எவ்வளவு கொடுமை என்பதைப் பட்டவர்கள் அறிவார்கள். ஆகவே குட்டியைப் பார்க்கப் போகும் முன்பே நிர்வாக அலுவலகத்துக்குப் போய் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். குரைப்பதில் சின்ன நாய்கள் பெரியவற்றுக்கு இளைத்தவை அல்ல; லிஃப்ட் சத்தத்துக்கெல்லாம் குரைக்கும் பொமரேனியனைவிடப் படுத்தே கிடக்கும் கிரேஹவுண்ட் மாடி வீட்டுக்கு ஏற்றது. தரை வீட்டுக்காரர்களும் நகராண்மைக் கழகத்திலோ மாநகர் மன்றத்திலோ ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டும். எத்தனை நாய் வைத்துக்கொள்ளலாம் என்பது இடத்துக்கு இடம் மாறும்.

● இஸ்லாத்தின் ஷாஃபி மரபைப் பின்பற்றும் மலாய் அண்டை வீட்டார்மீது நாயின் எச்சில் பட்டால், அந்த இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். இதை அறிந்தவர்கள் பாய்ந்து தாவி நக்கும் இனத்தைக் கேட் ஓரத்தில் கட்டமாட்டார்கள். கம்பிக் கேட்டின் கீழ்ப்பகுதிக்கு வலையோ தகரமோ அடித்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். 2014 அக்டோபர் 19 அன்று பண்டார் உத்தாமா பூங்காவில், சையத் அஸ்மி அல்ஹப்ஷி என்ற மருந்தாளுநர் 'நாயைத் தொட விரும்புகிறேன்' என்ற பெயரில் ஒரு நிகழ்ச்சி நடத்தினார். நூற்றுக்கணக்கானோர் வந்து, அச்சம் நீங்கி நாய்களைத் தொட்டார்கள். எப்படிக் கழுவுவது என்பதும் அங்கேயே செய்து காட்டப்பட்டது. கடும் கண்டனமும் கிளம்பியது. ஆனாலும் அந்த மனிதர் அன்று எடுத்த முயற்சியை நான் மரியாதையோடு நினைக்கிறேன்.

● மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையகம் இருப்பது பிரிக்பீல்ட்ஸில். வெள்ளைக் கோலோடு நடப்பவர்களை அந்த வட்டாரத்தில் தினமும் பார்க்கிறோம். ஆனால் வழிகாட்டி நாயோடு நடப்பவரைப் பார்த்திருக்கிறோமா? பார்வையிழந்த சமூக ஆர்வலர் ஸ்டீவன்ஸ் சான் 2014-இல் லாஷோன் என்ற பயிற்சி பெற்ற நாயோடு நடமாடினார். மலேசியாவின் முதல் வழிகாட்டி நாய் என்று அது பேசப்பட்டது. பேரங்காடிகளும் பொதுப் போக்குவரத்தும் அவர்களைத் திருப்பி அனுப்பின. கண்ணுக்குப் பதிலாக வந்த ஒரு துணையை வாசலில் நிறுத்திவிட்டோம் என்பது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

● லக்கி, ஃபுளோ என்ற இரண்டு கறுப்பு லாப்ரடோர்கள் 2007-இல் மலேசியாவுக்கு வந்தன. வட்டுகளில் உள்ள பாலிகார்பனேட்டின் வாசனையை மோப்பம் பிடிப்பது அவற்றின் வேலை. திருட்டு டிவிடி கும்பல்கள் அவற்றின் தலைக்கு விலை வைத்துவிட்டதாகச் செய்தி வந்து, அவற்றுக்கே காவல் போட வேண்டியதாயிற்று. அவை சாதித்ததைப் பார்த்து நம் நாடும் சொந்தமாக ஒரு மோப்ப நாய்ப் பிரிவை அமைத்தது.

லாப்ரடோரை இவ்வளவு எளிதாகப் பழக்க முடிவதற்கு அதன் வயிறும் ஒரு காரணம். நான்கில் ஒரு லாப்ரடோருக்குப் பசி அடங்குவதைச் சொல்லும் மரபணுவில் ஒரு துண்டு இல்லை என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2016-இல் கண்டுபிடித்தார்கள். தீனிக்காக எதையும் செய்யும் நாயைப் பழக்குவது சுலபம், ஊதிப் போகாமல் காப்பதுதான் கடினம். காலையில் தாத்தா ரொட்டி சானாயில் ஒரு துண்டு, மதியம் பாட்டி ஒரு பிடி சோறு, இரவில் பேரப்பிள்ளை பிஸ்கட் என்று கூட்டுக் குடும்பத்தில் ஆளுக்கு ஒரு வாய் கொடுத்தால், இரண்டு வயதில் நடக்க முடியாமல் மூச்சு வாங்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். மிச்சமான கறிக்குழம்பை ஊற்றிப் பிசைந்து போடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. குழம்பில் உள்ள வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்த கோழி எலும்பு ஊசி ஊசியாகப் பிளந்து குடலைக் கிழிக்கும்.

● முடி கொட்டாத நாய் வாங்கினால் ஒவ்வாமை வராது என்று பூடிலைத் தேர்ந்தெடுப்பவர்கள் பலர். நெதர்லாந்தில் 2012-இல் செய்த ஆய்வு, அப்படிப்பட்ட இனங்களின் முடியிலும் ஒவ்வாமைப் புரதம் குறையாமல் இருப்பதைக் கண்டது. வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால், குட்டியை அழைத்து வருவதற்கு முன் அதனோடு சில மணி நேரம் இருந்து பார்க்கட்டும்.

● "நம்ம ஊர் ராஜபாளையம் கிடைக்குமா?" இங்குள்ள தமிழர்களுக்கு உள்ளூர அந்த ஆசை உண்டு. 2005 ஜனவரி 9 அன்று இந்திய அஞ்சல் துறை நான்கு நாட்டு நாய்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது, முதோல், ராம்பூர், இமாலய மேய்ப்பு நாய் ஆகியவற்றோடு ராஜபாளையமும் இடம்பெற்றது. பால் வெள்ளை உடம்பும் இளஞ்சிவப்பு மூக்கும் அதன் அடையாளம். அந்த வெள்ளைக்கு ஒரு விலை உண்டு. தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதுக்கும் தேவை; அவை இல்லாமல் போனால் குட்டி செவிடாகப் பிறக்கலாம். டால்மேஷனிலும் இதே குறை உண்டு. குட்டி பார்க்காத நேரத்தில் அதன் பின்னால் நின்று கைதட்டிப் பாருங்கள். காது அசைய வேண்டும்.

கால் நகத்தை எண்ணுவதும் நம்மவர் பழக்கம். சாதாரணமாக நாய்க்கு முன்காலில் ஐந்தைந்து, பின்காலில் நான்கு நான்கு, ஆக 18 நகம். பின்காலில் ஒட்டு நகம் இருந்தால் 20. இருபது நகம் உள்ள நாய் நல்ல காவல் நாய் என்பார்கள். நகத்துக்கும் காவலுக்கும் தொடர்பில்லை. தொங்கும் ஒட்டு நகம் எதிலாவது மாட்டிக் கிழியாமல் அடிக்கடி வெட்டிவிடுவதுதான் முக்கியம்.

● மலேசியாவுக்கும் சொந்தமாக ஒரு நாய் இருக்கிறது. பகாங்கின் தெலோம் ஆற்றோரம் வாழும் ஓராங் அஸ்லி மக்கள் வளர்த்த நாய்க்கு 'தெலோமியன்' என்று பெயர். அவர்களின் வீடுகள் தூண்களின் மேல் நிற்பவை. இந்த நாய் ஏணி ஏறி வீட்டுக்குள் போகும். 1963-இல் ஒரு ஜோடி அமெரிக்காவில் பார் ஹார்பரில் உள்ள ஜாக்சன் ஆய்வகத்துக்குக் கொண்டு செல்லப்பட்டது. நாய்க்குட்டிகள் மனிதரோடு பழகும் பருவம் மூன்று வாரத்திலிருந்து ஏறக்குறைய பன்னிரண்டு வாரம் வரை என்று கண்டறிந்ததும் அதே ஆய்வகத்தில்தான். ஆறு வாரம்கூட ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து விற்பவர்களிடம் வாங்காதீர்கள். எட்டு வாரம் வரை தாயோடும் உடன்பிறப்புகளோடும் இருந்தால்தான் எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதைக் குட்டி கற்றுக்கொள்ளும்.

● கிள்ளான் துறைமுகத்திலிருந்து படகில் போனால் கெத்தாம் தீவு. 2009-இல் அங்கே தெருநாய்கள் பெருகிவிட்டன என்று கிராமத்தார் 300-க்கும் மேற்பட்டவற்றைப் பிடித்து, ஆளில்லாத சதுப்புநிலத் தீவுகளில் கொண்டுபோய் விட்டார்கள். அங்கே உணவில்லை, குடிநீரில்லை. பசி தாங்காமல் ஒன்றையொன்று தின்றதாக வந்த செய்தி உலகெங்கும் போனது. விலங்கு நல ஆர்வலர்கள் படகில் போய் உயிரோடிருந்தவற்றைத் தேடினார்கள். அந்த நாய்கள் எல்லாம் நாம் 'கம்பத்து நாய்' என்று கடந்து போகும் வகை. மெல்லிய முடி, நீண்ட மூக்கு, நடுத்தர உடம்பு. இந்த வெயிலுக்கென்றே அமைந்த உடல் அது. 2015-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டத்தின்படி இன்று பிராணியைக் கொடுமைப்படுத்தினால் 20,000 முதல் 1,00,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும்.

● எந்த நாய் ஆனாலும் இந்த நாட்டில் உண்ணியும் கொசுவும் விடாது. உண்ணி காய்ச்சலைத் தரும், கொசு இதயப் புழுவைப் பரப்பும். தினமும் மாலையில் காது மடலின் உட்புறத்தையும் கால் விரல் இடுக்குகளையும் கழுத்துப் பட்டைக்கு அடியையும் விரலால் தடவிப் பாருங்கள். சாம்பல் நிற மொச்சைபோல் உருண்டு கிடப்பது இரத்தம் குடித்து ஊதிய உண்ணி. சுருள்முடி நாய்க்கு இந்தத் தேடல் அரை மணி நேரம் பிடிக்கும். குட்டை முடி நாய்க்கு ஐந்து நிமிடம். வேலை முடிந்து ஏழு மணிக்கு வீடு திரும்புகிறவர்கள் இனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இந்தக் கணக்கையும் போடட்டும்.

● அம்பாங்கில் இருக்கும் சிலாங்கூர் எஸ்பிசிஏ 1958-இலிருந்து இயங்குகிறது. அங்கும் மற்ற காப்பகங்களிலும் எல்லோரும் குட்டியையே கேட்கிறார்கள். மூன்று, நான்கு வயது நாய்கள் கூண்டில் காத்திருக்கின்றன. குட்டி வளர்ந்து எப்படி ஆகும் என்பது ஊகம்தான். வளர்ந்த நாயின் எடை, குரல், முடி, பிள்ளைகளைக் கண்டால் அது என்ன செய்கிறது எல்லாம் கண்ணெதிரே இருக்கின்றன. வீட்டில் உள்ள எல்லோரையும் அழைத்துக்கொண்டு போங்கள், பாட்டியையும் சேர்த்து. கயிற்றைப் பிடித்து ஒரு சுற்று நடந்து பாருங்கள். ஒரே நாளில் முடிவு செய்யாமல், அடுத்த வாரமும் போய் அதே நாயோடு இன்னொரு சுற்று நடங்கள்.