மேற்கே பார்க்க வேண்டிய கடற்கரை

பள்ளி விடுமுறைக்கு லண்டனிலிருந்தும் டொரண்டோவிலிருந்தும் ஆகஸ்டில் சென்னைக்கு வரும் சொந்தக்காரர்கள் ஒரு கணக்கோடு வருகிறார்கள். அக்னி நட்சத்திரம் மே மாதத்தோடு போயிற்று, பருவமழை அக்டோபரில்தான், நடுவில் வந்தால் இரண்டிலிருந்தும் தப்பித்துவிடலாம். வந்து இறங்கிய அன்று மதியம் 36 டிகிரி வெயில். ராத்திரி ஒன்பது மணிக்கு இடியும் மின்னலுமாக மழை கொட்டுகிறது. ஏதோ தப்பிப் பெய்த மழை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படியில்லை. நுங்கம்பாக்கத்தில் ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் மாதத்துக்கு ஏறக்குறைய 14 சென்டிமீட்டர் மழை பெய்வது வழக்கம். இரண்டு மாத மழையைக் கூட்டினால், லண்டன் ஓராண்டு முழுக்கப் பெறும் மழையில் பாதியை நெருங்கிவிடும்.

இந்த மழையைக் கொண்டுவருவது யார்? தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியைக் கேரளத்திலேயே இறக்கிவிடுகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்கும்போது அது சூடேறி வறண்டுபோன காற்று. கடலோ கிழக்கே இருக்கிறது, வீசுவது மேல்காற்று. இரண்டில் எதுவும் தனியாக மழை தராது. இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில்தான் மழை பிறக்கிறது.

அந்த முட்டலைத் திருவல்லிக்கேணியில் ஏதாவது ஒரு மொட்டை மாடியில் நின்று கண்ணாலேயே பார்க்கலாம். காலையில் கொடியில் போட்ட வேட்டி கடலை நோக்கிப் பறந்துகொண்டிருக்கும். மீனவர்கள் கச்சான் என்று சொல்லும் காற்று அது; வேலூர், ராணிப்பேட்டைப் பக்கத்துச் சூட்டையெல்லாம் வாரிக்கொண்டு வருகிறது, உதடு காய்கிறது. மதியம் ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ வேட்டி சட்டென்று தொங்கிவிடும். கொஞ்ச நேரம் இலைகூட அசையாது. பிறகு அதன் ஓரம் லேசாக எழும்பி, மேற்குப் பக்கம் பறக்கத் தொடங்கும். வெப்பம் இரண்டு மூன்று டிகிரி இறங்கும், ஆனால் தோல் பிசுபிசுக்கும். கடற்காற்று வந்துவிட்டது.

வெயிலில் தரை சீக்கிரம் சூடாகிறது, கடல் மெதுவாக. தரைக்கு மேலுள்ள காற்று விரிந்து இலேசாகி எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று நுழைகிறது. மேல்காற்று பலமாக இருக்கும் நாளில் அதனால் சுலபமாக நுழைய முடியாது. கரைக்கு அப்பாலேயே காத்துக் கிடக்கும். அன்றைக்கு நாலு மணிவரை ஊர் வேகும், வெப்பமானி 38ஐத் தாண்டும்.

நுழைந்த கடற்காற்றுக்கு ஒரு விளிம்பு உண்டு. குளிர்ந்து கனமாக இருப்பதால், எதிரே வரும் சூடான காற்றின் அடியில் அது ஆப்பு மாதிரி புகுந்து, அதை மேலே தூக்கிவிடுகிறது. இந்த விளிம்பைச் சென்னைத் துறைமுகப் பகுதியில் 2002இல் நிறுவப்பட்ட டாப்ளர் ரேடார் பார்க்கிறது. திரையில் கடற்கரைக்கு இணையாக ஒரு மெல்லிய கோடு தோன்றி, மணிக்கு மணி உள்நாட்டை நோக்கி நகரும். ரேடார் கதிரைத் திருப்பி அனுப்புபவற்றில் அந்த விளிம்பில் சிக்கிய தூசியும் பூச்சிகளும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஒரு காற்றின் ஓரத்தைப் பூச்சிகள் வரைந்து காட்டுகின்றன என்பது எனக்கு எத்தனை முறை நினைத்தாலும் அலுக்காத விஷயம்.

தூக்கிவிடப்பட்ட காற்று உயரப்போகக் குளிர்கிறது; அதிலுள்ள நீராவி துளிகளாகிறது. துளியாகும்போது அது வெப்பத்தை வெளிவிடும். அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளும். பஞ்சுப் பொதியாகத் தொடங்கிய மேகம் ஒரு மணி நேரத்தில் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தைத் தொட்டுவிடுவது இப்படித்தான். பயணிகள் விமானம் பறக்கும் உயரத்தைவிட அது அதிகம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பில் ஒரு சென்டிமீட்டர் மழை என்றால் ஒரு கோடி லிட்டர் தண்ணீர். அவ்வளவு நீராவி துளியானபோது வெளிப்பட்ட வெப்பத்தை மின்சாரமாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 70 லட்சம் யூனிட்.

இந்த மேகங்களில் பல சென்னைக்கு மேல் உருவாவதே இல்லை. ஜவ்வாது மலை, வேலூர், திருப்பத்தூர்ப் பக்கம் பிற்பகல் மூன்று நாலு மணிக்குக் கட்டுகின்றன. உயரத்தில் வீசும் மேல்காற்று அவற்றைக் கிழக்கே தள்ளுகிறது. வேலூர் சுமார் 130 கிலோமீட்டர். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால் அரக்கோணம், திருவள்ளூர், ஆவடி வழியாக நகரத்துக்குள் நுழைய எட்டரை மணி ஆகிவிடும். ராத்திரி மழையின் ரகசியம் இதுதான். சூரியன் மறைந்த பிறகும் மேகம் சாகாமல் வருவதற்குக் காரணம், மதியம் முழுக்கக் கடற்காற்று உள்ளே கொண்டுவந்து நிறைத்த ஈரம். அதைத் தின்றுகொண்டே அது கடலைப் பார்த்து நடக்கிறது. சில நாள் வழியிலேயே ஓய்ந்தும் போகும். ஒரு மேகத்தின் அகலம் சில கிலோமீட்டர்தான். அம்பத்தூர் நனைந்து அடையாறு காய்வதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

ஆகவே மெரினாவில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு மழை வருவது தெரியாது. முதுகுப் பக்கம் திரும்ப வேண்டும். அடிவானத்தில் ஓசையில்லாமல் மின்னுகிறதா என்று பாருங்கள். அது நெருங்கினால் மழைக்கு முன்பே சில்லென்ற காற்று அடிக்கும். மேகத்திலிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகி, சுற்றியுள்ள காற்றைக் குளிர்விக்க, கனத்த அந்தக் காற்று கீழே விழுந்து நாலாபக்கமும் சிதறுகிறது. பூந்தமல்லியில் நனைந்த மண்ணின் வாசனை மைலாப்பூருக்கு முதலில் வருவது இதன் தோளில் ஏறித்தான்.

இன்னொன்று வெளியூர்க்காரர்களுக்கு வினோதமாகப்படும். மத்திய இந்தியாவில் பருவமழை ஓங்கியிருக்கும் நாட்களில் தமிழ்நாட்டில் மழை குறைகிறது. அங்கே மழை ஓய்ந்து, காற்றழுத்தத் தாழ்வுப் பட்டை இமயமலை அடிவாரத்துக்கு நகரும்போது இங்கே மேல்காற்று தளர்கிறது, கடற்காற்று தடையின்றி உள்ளே வருகிறது, இடி முழங்குகிறது. நாக்பூரில் மழை நின்ற செய்தி வந்தால் சென்னையில் குடையைத் தேடலாம்.

விருந்தினர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். மாமல்லபுரம் போவதென்றால் விடிந்ததும் கிளம்பி, பத்து மணிக்குள் நிழலுக்கு வந்துவிடுங்கள். கடற்காற்று வந்தபின் வெப்பமானி இறங்கினாலும் வியர்வை காயாது, உடம்பு குளிராது. தண்ணீர் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கு வையுங்கள். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் மணலில் நிற்காதீர்கள். அந்த வெட்டவெளியில் உயரமான பொருள் நீங்கள்தான். கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய், கடைசி இடி கேட்டு அரைமணி நேரமாவது இருங்கள். அக்டோபர் 20ஐ ஒட்டி வடகிழக்குப் பருவமழை தொடங்கியதும் இந்த ஒழுங்கு மாறிவிடும். மழை அப்போது கடலிலிருந்தே வரும், பல நாட்களில் விடியற்காலையில்.