கட்டே எலும்பாகும் வைத்தியம்

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் நெய்து தள்ளும் துணியில் பெரும்பகுதியை யாரும் உடுத்துவதில்லை. காயத்துக்குக் கட்டுகிறார்கள். கண்ணி அகன்ற அந்த வெள்ளைத் துணியில் பாரிஸ் சாந்தைத் தடவிக் காயவைத்து, தண்ணீரில் நனைத்துக் காலில் சுற்றினால் மாவுக்கட்டு. சாந்து மட்டும் என்றால் தட்டினால் நொறுங்கும். துணி மட்டும் என்றால் துவளும். இரண்டும் சேர்ந்ததும் வேறொரு பொருளாகிவிடுகிறது. கூட்டுப்பொருள், அதாவது காம்போசிட், என்று பொறியாளர்கள் சொல்வது இதைத்தான்.

எஞ்சின் இல்லாமல் பறக்கும் மாதிரி விமானமான கிளைடரின் உடலும் இந்த இனம்தான். துணி பருத்திக்குப் பதில் கண்ணாடி இழை. சாந்துக்குப் பதில் எபாக்ஸி ரெசின். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரத்துப் பல்கலைக்கழக மாணவர்கள் கண்ணாடி இழையில் கட்டிய ‘ஃபீனிக்ஸ்’ என்ற ஆளேறும் கிளைடர் 1957 நவம்பரில் பறந்தது. அந்த வகையில் அதுதான் முதல். அதற்குமுன் கிளைடர் என்றால் பெரும்பாலும் மரமும் துணியும்தான். இன்று கையால் எறிகிற மாதிரிகளுக்குக்கூட சுவர் ஒரு மில்லிமீட்டர் தடிமன்கூட இல்லாத இழைக்குழாய்தான் உடல்.

அது முறிகிற இடம் பெரும்பாலும் ஒன்றே. இறங்கும்போது இறக்கை நுனி ஒரு கருவேலஞ்செடியில் மாட்டும், கிளைடர் சுழலும், வால் வீசிப்போகும், இறக்கைக்குச் சற்றுப் பின்னால் வால் தண்டு ‘டக்’கென்று போகும். ஆடி மாதத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் பறக்கவிட்டால் இதற்கு வாய்ப்பு அதிகம். மலையைத் தாண்டி மேற்கிலிருந்து வரும் காற்று கிழக்குச் சரிவில் இறங்கிச் சுழல்கிறது. தூக்கிவிட வேண்டிய காற்றே கீழே அமுக்கும்.

கண்ணுக்குத் தெரிகிற முறிவு பாதிதான். பக்கத்தில் அடுக்குகள் பிரிந்திருக்கலாம்; ரெசின் வெளுத்திருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஒரு நாணயத்தால் தட்டிக்கொண்டே போனால் போதும். நல்ல இடம் ‘டிங்’ என்னும், பிரிந்த இடம் ‘டொக்’ என்னும். மண்பானை வாங்குகிறவர்கள் விரலால் சுண்டிப் பார்க்கும் அதே சோதனை.

பிறகு வருவதுதான் புதியவர்கள் கெடுக்கிற இடம். முறிந்த இரண்டு முனையையும் சேர்த்து, பசையை அப்பி, மேலே கனமாக ஒரு சுற்று சுற்றிவிடுவார்கள். பார்க்க பலமாக இருக்கும். ஆனால் தடித்த ஒட்டு வளையாது, பக்கத்துச் சுவர் வளையும். அடுத்த தடவை ஒட்டின் ஓரத்திலேயே சீராக முறிந்து நிற்கும். அதனால் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, பென்சில் சீவுவதுபோல் சரிவாக்க வேண்டும். தடிமனைப்போல் இருபது மடங்கு நீளமாவது சரிவு வேண்டும். அரை மில்லிமீட்டர் சுவருக்கு ஒரு சென்டிமீட்டர். புதுத்துணியைச் சிறிதும் பெரிதுமாக வெட்டி அந்தச் சரிவில் அடுக்கினால் சுமை படிப்படியாகக் கைமாறும். தேய்க்கிற தூசி தோலில் பட்டால் அரிக்கும், மூச்சுக்கும் ஆகாது. முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

துணியை எந்தத் திசையில் வைப்பது? தறிக்காரரிடம் கேட்டால் சட்டென்று சொல்வார். பாவும் ஊடையும் போகும் திசையில் இழுத்தால் துணி நீளாது, குறுக்கு மூலையாக இழுத்தால் நீளும். வால் தண்டு வளைவதைத் தடுக்க இழை நீளவாக்கில் ஓட வேண்டும். முறுக்குவதைத் தடுக்க 45 பாகையில் ஓட வேண்டும். சுமையைத் தாங்குவது நூல்தான். ரெசின் நூலை இடத்தில் பிடித்துவைக்கிறது, அவ்வளவே. துணி முழுக்க நனைந்தபின் மிஞ்சுகிற ஒவ்வொரு சொட்டும் வெறும் எடை.

நம் நாட்டுப் பட்டறைகளிலும் கல்லூரிகளிலும் பழக்கமான எல்ஒய் 556 ரெசினுக்கு, அதை இறுகவைக்கும் எச்ஒய் 951 ஹார்டனர் எடைக்கணக்கில் பத்தில் ஒரு பங்கு. சீக்கிரம் இறுகட்டும் என்று ஹார்டனரைக் கூட்டினால் மிஞ்சியது சேர இடமில்லாமல் உள்ளேயே கிடந்து ஒட்டைப் பலவீனமாக்கும். உள்பக்கம் கை நுழையாத குழாயில் துணியை அமுக்க ஒரு பலூன் போதும்: காற்றில்லாமல் உள்ளே விட்டு ஊதினால், இறுகும்வரை அதுவே பிடித்துக்கொள்ளும். நான் கண்டதில் மலிவான கருவி இதுதான்.

பாண்டேஜ் துணியே போதாதா என்று சத்திரப்பட்டிக்காரருக்குத் தோன்றும். போதாது. கண்ணாடி இழைபோல் விறைப்பாக நிற்காமல் பருத்தி நீண்டுகொடுக்கும், ஈரத்தையும் உறிஞ்சும். ஆனாலும் இயற்கை இழையை ஒதுக்கிவிட முடியாது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தின் கூட்டுப்பொருள் ஆய்வு மையத்தில் தென்னம் பன்னாடையைப் பாலியெஸ்டர் ரெசினில் தோய்த்து ஆராய்ந்திருக்கிறார்கள். வசவுக்குப் பயன்படுத்துகிறோமே, அதே பன்னாடை! மரமே இரண்டு திசையிலும் இழை ஓட்டி நெய்து வைத்த துணி அது.

மாவுக்கட்டோடு உள்ள உவமை ஓரிடத்தில் அறுந்துவிடும். எலும்பு கூடியதும் மருத்துவர் கட்டைப் பிரித்துவிடுவார். கிளைடரின் முறிவு தானாகக் கூடாது. இங்கே கட்டேதான் எலும்பு. அது உடலோடு பறக்க வேண்டும் என்பதால் கடைசிச் சோதனை தராசில் இல்லை, விரல் நுனியில். இறக்கைக்கு அடியில் சமநிலைப் புள்ளியில் இரண்டு விரலை வைத்துத் தூக்க வேண்டும். வால் தாழ்ந்தால் ஒட்டு கனத்துவிட்டது. வாலில் கூடிய ஒரு கிராமுக்கு ஈடுகட்ட, குட்டையான மூக்கில் மூன்று நான்கு கிராம் ஈயம் வைக்க வேண்டியிருக்கும். உப்புத்தாளை மறுபடி எடுப்பதே மேல்.