ஷேர் பட்டனும் நம் பொறுப்பும்

ராஜபாளையத்தில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய என் நண்பர், தேர்தல் பற்றி யாரோ எழுதிய காரசாரமான பதிவை ஃபேஸ்புக்கில் ஷேர் செய்துவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் அவருடைய மைத்துனர் கோபித்துக்கொண்டு பேச்சையே நிறுத்திவிட்டார். "நான் எழுதலையே, சும்மா ஷேர்தானே பண்ணேன்" என்று என்னிடம் புலம்பினார் நண்பர்.

ஷேர் பட்டனைக் கிளிக் செய்தால் அந்தப் பதிவு உங்கள் பெயரில் மறுபடி வெளியாகிறது. பிறகு டெலீட் செய்தாலும், அதற்குள் ஒருவர் ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தால் அவரிடம் அது இருக்கும்.

அரசியல் கருத்து சொல்வது குற்றமல்ல. இணையத்தில் எழுதியவர்களைக் கைது செய்யப் பயன்பட்ட 66ஏ பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-ல் ரத்து செய்துவிட்டது. ஆனால் அவதூறுக்கும் ஆபாசத்துக்கும் வேறு சட்டங்கள் உண்டு. நடிகர் எஸ்.வி.சேகர் 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் பதிவு ஒன்றை ஷேர் செய்தார். படிக்காமலே பகிர்ந்ததாகச் சொன்னார். 2024-ல் சென்னை சிறப்பு நீதிமன்றம் அவருக்கு ஒரு மாதச் சிறைத் தண்டனை விதித்தது. எழுதியவர் வேறொருவர் என்பதைக் கவனியுங்கள்.

பதிவில் உலக உருண்டைப் படம் தெரிந்தால் யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம் என்று அர்த்தம். அதைக் கிளிக் செய்து 'ஃப்ரெண்ட்ஸ்' என்று மாற்றலாம். நண்பருக்கு மாற்றிக் காட்டினேன்.

"மச்சினனும் அந்த லிஸ்ட்லதான் இருக்கார்" என்றார்!