குடியேற்றமும் வீட்டு நெருக்கடியும்

நகரில் வீட்டுப் பஞ்சம் தோன்றின், வெளியிலிருந்து வந்தோரே அதற்குக் காரணம் என்பர். இக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை டில்லியின் அனுபவத்தைக்கொண்டு ஆராயலாம்.

டில்லிப் பிரதேசத்தின் ஜனத்தொகை 1941இல் சுமார் 9.2 இலட்சம், 1951இல் 17.4 இலட்சம். இடையே 1947இல் நாட்டுப் பிரிவினை நிகழ்ந்தது. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அங்கிருந்த அகதிகள் ஏறத்தாழ 5 இலட்சம். பெருக்கத்தில் பாதிக்கு மேல் இவர்களால் நேர்ந்ததாகவே தோன்றும். ஆயின், 1941இல் சுமார் 3 இலட்சமாயிருந்த முஸ்லிம்கள் 1951இல் சுமார் 1 இலட்சமாகக் குறைந்தனர். இக்குறைவைக் கழித்தால் பிரிவினையால் கூடிய தொகை ஏறக்குறைய 3 இலட்சமே. எஞ்சிய பெருக்கம் பெரும்பாலும் பிறப்பினாலும், வேலை தேடி வந்தோராலும் ஏற்பட்டதாகும்.

வீட்டுக் கணக்கும் இவ்வாறே. கலவரத்தால் வெளியேறியோர் விட்டுச்சென்ற வீடுகளில் அகதிகளுள் ஒரு பகுதியினர் குடிபுகுந்தனர். ஏனையோருக்காக இராஜேந்திர நகர், படேல் நகர், லஜபதி நகர் முதலிய குடியிருப்புகள் எழுந்தன. அண்மையிலுள்ள பரீதாபாத்தில், வடமேற்கு எல்லைப்புற மாகாணத்து அகதிகளே கட்டட வேலையில் ஈடுபட்டனர். வீடு வேண்டி வந்தவர்களே வீடு கட்டுவோராகவும் ஆயினர்.

எனினும் நெருக்கடி பொய்யன்று. மக்கள் சில மாதங்களில் வந்துவிடுவர்; நிலமும் குடிநீரும் சாக்கடை வசதியும் அமையப் பல ஆண்டுகள் செல்லும். இவ்விடைவெளியே இன்னலை விளைவிக்கிறது.

ஆகவே, ஓர் ஊரின் பெருக்கத்தை விளக்க முற்படுவோர் பிறப்பு, இறப்பு, வந்தோர், சென்றோர் ஆகிய நான்கையும் தனித்தனியே கணக்கிட்டு, பின்னரே வீடுகளின் தொகையோடு ஒப்பிடுதல் வேண்டும். ஒன்றை மட்டும் நோக்கின், திட்டம் பிழைபடுவதோடு, பழியும் குற்றமற்றோர்மீது விழும்.