ஊசி போடத் தெரிந்த அப்பா

காஞ்சிபுரத்துக்கு மேற்கே, பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய தாமல் வட்டாரத்தில் பட்டு நெய்யும் குடும்பங்களுக்குத் தெரிந்த கணக்கு ஒன்று உண்டு. கோர்வைச் சேலைக்கு ஒரு ஆள் போதாது. உடலும் கரையும் வேறு வேறு நிறம் என்பதால், ஒரு பக்கக் கரைக்கு நாடா தள்ள இன்னொருவர் கூடவே உட்கார வேண்டும். பல வீடுகளில் அது மனைவிதான். பிள்ளைக்கு டைப் 1 சர்க்கரை நோய் என்று தெரிந்து, அம்மா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைய ஆரம்பித்தால் தறியும் நின்றுபோகும். சேலை இறங்கினால்தான் கூலி.

இருந்தும் நோய் விஷயத்தில் அப்பாவை யாரும் ஆளாகக் கணக்கில் எடுப்பதில்லை. குழந்தைகள் வார்டில் துணைக்குப் பெரும்பாலும் அம்மாவைத்தான் விடுவார்கள். அப்பா வெளியே, மருந்துச் சீட்டோடு. எத்தனை யூனிட், சாப்பாட்டுக்கு எவ்வளவு நேரம் முன்பு, இடம் மாற்றி மாற்றி எங்கே குத்துவது என்று நர்ஸ் சொல்வதெல்லாம் அம்மா காதில்தான் விழும். விதிகளும் அப்படித்தான். மத்திய அரசு ஊழியரான ஆணுக்குக் குழந்தை பிறக்கும்போது 15 நாள் விடுப்பு உண்டு. பிள்ளையைக் கவனிக்க 730 நாள் வரை தரும் விடுப்போ பெண்களுக்கும், துணையின்றித் தனியே பிள்ளை வளர்க்கும் ஆண்களுக்கும் மட்டுமே. தறிக்காரருக்கு இதில் எதுவும் கிடையாது.

ஆகவே டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் ஒரு நாள் கூலி போனாலும் பரவாயில்லை என்று அப்பா போயே ஆக வேண்டும். 'எனக்கும் ஒரு தடவை காட்டுங்க சிஸ்டர், என் கையால போட்டுப் பாக்கறேன்' என்று கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை. அவர் கற்க வேண்டியது அதிகமில்லை. பிள்ளை திடீரென்று வியர்த்து, நடுங்கி, பேச்சு குழறினால் சர்க்கரை இறங்குகிறது. குளுக்கோமீட்டரில் 70-க்குக் கீழே என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது; 108-ஐக் கூப்பிட வேண்டும். வகுப்பு ஆசிரியருக்கும் இதைச் சொல்லி வைப்பது நல்லது. இன்னொன்று, 'பிள்ளை சாப்பிடவே இல்லையே, இன்னிக்கு ஊசி வேண்டாம்' என்று காய்ச்சல் நாளில் பெரியவர்கள் சொல்வது. அதுதான் ஆபத்து. இன்சுலினை முழுக்க நிறுத்தினால் ரத்தத்தில் அமிலம் ஏறி, வாந்தியும் மூச்சிரைப்புமாக ஐசியூவில் போய் நிற்கும். அளவைக் குறைப்பதா என்பதை டாக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் கெடாமலிருக்க எளிய வழி உண்டு. பெரிய மண்பானைக்குள் சின்னப் பானை, இடையில் ஈர மணல், மேலே ஈரத்துணி. பாட்டிலில் தண்ணீர் படாமல் டப்பாவுக்குள் போட்டு வைத்தால் போதும். வெயில் விழும் ஜன்னலோரம் மட்டும் ஆகாது.

ஊசியே வேண்டாம், இந்தச் சூரணம் போதும் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் மாட்டிக்கொள்வது நடக்கக்கூடியதுதான். சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதே 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். டைப் 1-ல் உடம்பு இன்சுலின் சுரப்பது ஏறக்குறைய நின்றுவிடுகிறது. சூரணத்தை நம்பி ஊசியை நிறுத்தினால் பிள்ளையின் உயிருக்கே ஆபத்து.

அரசு மருத்துவமனையில் இன்சுலினுக்குக் காசு வாங்குவதில்லை. சோதனை ஸ்ட்ரிப்தான் கையைக் கடிக்கும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு. ஆனால் அது படுக்கையில் சேர்த்துப் பார்க்கும் சிகிச்சைக்கானது, மாதாமாத ஸ்ட்ரிப்புக்கு உதவாது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் தலசீமியாவும் ஹீமோபிலியாவும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டை கேட்கலாம். டைப் 1 அந்தப் பட்டியலில் இல்லை. வாழ்நாள் முழுக்க ஊசி தேவைப்படும் பிள்ளையை வெளியே நிறுத்தியிருப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

செலவு நெருக்கும்போது அப்பாவின் கை முதலில் போவது முதலாளியிடம் முன்பணத்துக்குத்தான். கூடவே, ஆள் குறைகிறதே என்று மூத்த பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தித் தறியில் உட்கார வைக்கும் ஆசை வரும். 14 வயதுக்குட்பட்ட பிள்ளை சொந்த வீட்டுத் தொழிலில் ஒத்தாசை செய்வது பள்ளி முடிந்த பிறகும் விடுமுறையிலும்தான். படிப்பைக் கெடுத்துச் செய்ய வைக்கச் சட்டத்தில் இடமில்லை. முன்பணத்துக்கு ஈடாக, 'பாக்கி தீரும்வரை வேறு யாருக்கும் நெய்யக் கூடாது' என்று கட்டிப்போட்டால், அது 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குள் வருகிற விஷயம். அப்படி நிரூபணமானால் அந்தக் கடனே சட்டப்படி செல்லாது. வட்டி மேல் வட்டி போட்டு மிரட்டினால் 2003-ஆம் ஆண்டுக் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது. வருவாய்க் கோட்டாட்சியரிடமோ கலெக்டரிடமோ மனு கொடுக்கலாம். மனு எழுதித் தர ஆள் இல்லையென்றால் 15100 என்ற எண்ணில் இலவச சட்ட உதவி கிடைக்கும். வெளியே சொல்ல முடியாமல் மனசு உடைந்து, தூக்கமின்றிக் குடியில் போய் நிற்கிற அப்பாக்களுக்கு 14416. அது டெலி மானஸ், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.